முகத்தை மூடிய துணியை எடுக்கச் சொல்லுங்கள்

தமிழ்நாட்டின் நீதித்துறை நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்



பயங்கரவாத வழக்கில் பிடிபட்ட ஒருவரை நீதித்துறையின் கண்கள் முதன்முதலாகப் பார்ப்பது பல வேளைகளில் உங்கள் முன்னிலையில்தான். அது இரவு நேரமாக இருக்கும்; நீதிமன்றம் அல்ல, உங்கள் குடியிருப்பின் முன்னறையாகக்கூட இருக்கும். காவலர்கள் கையில் கத்தையாகக் காகிதம். நடுவில் நிற்பவரின் முகத்தை ஒரு துணி மூடியிருக்கும். அடையாள அணிவகுப்புக்கு முன் சாட்சிகள் பார்த்துவிடக் கூடாது என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். ரிமாண்ட் மனுவில் பெயர், தகப்பனார் பெயர், ஊர், வயது எல்லாம் இருக்கும். வயதுக்கு நேரே 19 என்று எழுதியிருக்கும். அந்த 19 எங்கிருந்து வந்தது என்பது மட்டும் எங்கும் இருக்காது.

அந்த எண்ணைப் பற்றித்தான் இந்த மடல். நீங்கள் படிக்காத சட்டம் எதையும் நான் சொல்லிவிடப் போவதில்லை. படித்த சட்டத்தை அந்த இரவில், அந்த ஐந்து நிமிடத்தில், அத்தனை பேர் அவசரப்படுத்தும்போதும் கையில் எடுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

நிற்பவனுக்கு 19 என்றால் அவனுக்கு ஒரு சட்டம். 17 என்றால் முற்றிலும் வேறு சட்டம். பெரியவனாக இருந்தால் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டமான உபாவின் 43டி பிரிவு அவனை 30 நாள் வரை போலீஸ் கஸ்டடியில் வைக்க இடம் தருகிறது. குற்றப்பத்திரிகைக்கான காலத்தை 180 நாள் வரை நீட்டிக்கலாம். குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை போலத் தோன்றினாலே ஜாமீன் கிடையாது. அவன் சிறுவனாக இருந்தால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 10ஆம் பிரிவுப்படி ஒரு மணி நேரம்கூட லாக்கப்பிலோ சிறையிலோ வைக்க முடியாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். 12ஆம் பிரிவுப்படி அவனுக்கு ஜாமீன் என்பதே விதி. மறுத்தால் காரணத்தை எழுதியாக வேண்டும். வேறு எந்தச் சட்டத்தில் என்ன சொல்லியிருந்தாலும் சிறார் விஷயத்தில் இந்தச் சட்டமே செல்லும் என்று அதன் முதல் பிரிவே சொல்கிறது. அந்த 'வேறு எந்தச் சட்ட'த்தில் உபாவும் அடக்கம்.

இந்த மோதலைத் தமிழ்நாடு ஏற்கெனவே ஒரு முறை பார்த்திருக்கிறது. 2002 நவம்பரில் ஊத்தங்கரைப் பகுதியில் நக்சலைட்டுகள் என்று பிடிக்கப்பட்டவர்கள்மீது பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடா பாய்ந்தது. அவர்களில் 18 வயது நிரம்பாதவர்களும் இருந்தார்கள். பொடாவா, இளைஞர் நீதிச் சட்டமா என்ற கேள்வி சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. சிறுவர் விஷயத்தில் இளைஞர் நீதிச் சட்டமே மேலானது என்று அங்கே தீர்ப்பானது. பொடா 2004இல் ஒழிந்தது. ஆனால் அதன் கடுமையான பிரிவுகள் பல உபாவுக்குள் குடிபுகுந்துவிட்டன. அதனால் அந்தத் தீர்ப்பின் தேவையும் தீரவில்லை.

வயதைக் கேட்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு உலகத்தின் மிகப் பணக்கார நாட்டிலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். முகமது எல் கரானி சாத் நாட்டுப் பெற்றோருக்குச் சவூதியில் பிறந்தவன். ஆங்கிலமும் கணினியும் படிக்கலாம் என்று கராச்சிக்குப் போன இடத்தில் 2001இல் பிடிபட்டான். அப்போது அவனுக்கு வயது 14. அங்கிருந்து அமெரிக்கர்கள் கைக்கும், பிறகு அவர்களுடைய குவாண்டனாமோ சிறைக்கும் போனான். அவன்மீது வைத்த குற்றச்சாட்டுகளில் ஒன்று, 1998இல் லண்டனில் இயங்கிய அல் காய்தா குழுவில் அவன் இருந்தான் என்பது. 1998இல் அவனுக்கு 11 வயது. பெற்றோருடன் சவூதியில் இருந்த சிறுவன். ஒரு கழித்தல் கணக்குப் போட்டிருந்தால் அந்தக் குற்றச்சாட்டு அன்றைக்கே விழுந்திருக்கும். அதைப் போட ஒரு நீதிபதியின் முன்னால் அவன் வழக்கு வர வேண்டியிருந்தது. 2009 ஜனவரியில் நீதிபதி ரிச்சர்ட் லியோன் அவனை விடுவிக்க உத்தரவிட்டார். சக கைதிகள் இருவர் சொன்னதைத்தான் அரசு பெரிதும் நம்பியிருந்தது. அவர்கள் பேச்சை நம்ப முடியாது என்று அரசுத் தரப்பினரே முன்பு சந்தேகப்பட்டிருந்தார்கள். அவன் வெளியே வந்தபோது ஏழு ஆண்டுகளுக்கு மேல் போயிருந்தன.

அதே சிறையில் இன்னொருவன், முகமது ஜவாத். 2002 டிசம்பரில் காபூலில் ஒரு ஜீப்பின்மீது கையெறிகுண்டு வீசப்பட்டு இரண்டு அமெரிக்கப் படைவீரர்களும் அவர்களுடைய மொழிபெயர்ப்பாளரும் காயமடைந்தார்கள். ஆப்கன் போலீசார் ஜவாதைப் பிடித்தார்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் உன்னையும் உன் குடும்பத்தையும் கொன்றுவிடுவோம் என்று மிரட்டினார்கள். அவனுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் அவன் பெருவிரல் ரேகை விழுந்தது. குவாண்டனாமோவில் 2004 மே மாதம் அவனைத் தூங்கவிடாமல் செய்ய, 14 நாளில் 112 முறை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு மாற்றினார்கள். சராசரியாக மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை. பிடிபட்டபோது அவனுக்கு 12 வயது என்றது குடும்பம். எலும்புப் பரிசோதனையைக் காட்டி 17 அல்லது 18 என்றது ராணுவம். 2008இல் அந்த வழக்கின் அரசு வழக்கறிஞர் டாரல் வாண்டவெல்ட், மனசாட்சி இடம்தரவில்லை என்று பதவியை விட்டு விலகினார். மிரட்டி வாங்கிய வாக்குமூலம் செல்லாது என்று ராணுவ நீதிபதியே ஒதுக்கினார். 2009 ஜூலையில் நீதிபதி எலன் ஹியூவெல் அவனை விடுவிக்க உத்தரவிட்டார்.

இந்த இருவரில் ஒருவனுடைய வயதை யாரும் பொருட்படுத்தவில்லை. மற்றவனுடைய வயதை நம்பவில்லை. மூன்றாவது விதமும் ஒன்று உண்டு. வயது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் நாட்டின் கோபத்துக்கு முன்னால் அது எடுபடாமல் போகும். 1974 நவம்பர் 21 அன்று பர்மிங்காமில் குண்டு வெடித்து 21 பேர் செத்தார்கள். எட்டே நாளில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அடுத்த வாரமே, அதற்கு முன்பு நடந்த கில்ட்ஃபோர்டு குண்டுவெடிப்பைத் துருவிய போலீசார், லண்டனில் மகுவையர் குடும்பத்தின் வீட்டுக்குள் நுழைந்தார்கள். வீட்டின் சிறிய பையன்களில் ஒருவனான பாட்ரிக்குக்கு வயது 13. வீட்டில் வெடிமருந்து எதுவும் கிடைக்கவில்லை. கைகளையும் நகக்கண்ணையும் துடைத்தெடுத்த பஞ்சில் நைட்ரோகிளிசரின் தடயம் இருக்கிறது என்று அரசு ஆய்வகம் சொன்னது. அந்த ஒரு சோதனைதான் வழக்கு. 1976 மார்ச்சில் தாய்க்கு 14 ஆண்டுகள், 14 வயதாகியிருந்த பாட்ரிக்குக்கு 4 ஆண்டுகள் என்று தண்டனை விழுந்தது. அவன் அண்ணன் வின்சென்ட்டுக்கு 5 ஆண்டுகள். அந்தத் தீர்ப்பு 1991இல் ரத்தானபோது பாட்ரிக் வாலிபத்தைக் கடந்துகொண்டிருந்தார். 2005இல் பிரதமர் டோனி பிளேர் மன்னிப்புக் கேட்டார். ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடக் காலத்தை எந்த மன்னிப்பும் திருப்பிக் கொடுத்ததில்லை.

அதெல்லாம் வெளிநாடு என்று ஒதுக்கிவிட முடியாது. 2019 ஆகஸ்ட் 5 முதல் செப்டம்பர் 23 வரை ஜம்மு காஷ்மீரில் 144 சிறாரைப் பிடித்ததாகப் போலீசார் கொடுத்த பட்டியலே சொன்னது. உச்ச நீதிமன்றம் கேட்டதன்பேரில் உயர் நீதிமன்றத்தின் இளைஞர் நீதிக் குழு கொடுத்த அறிக்கையில் அந்தப் பட்டியல் இருந்தது. பட்டியலில் ஆகச் சிறியவனுக்கு வயது 9. 142 பேரை விட்டுவிட்டோம், இருவர் கூர்நோக்கு இல்லத்தில் இருக்கிறார்கள் என்றது போலீஸ். சட்டவிரோதக் காவலில் யாரும் இல்லை என்பதை அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. அந்த முடிவை மதித்தே ஒன்றைக் கேட்கிறேன்: ஒன்பது வயதுப் பிள்ளை காவல் நிலையத்துக்குள் போனபோது, அவன் வயதை முதலில் கேட்டது யார்?

பயங்கரவாத வழக்குகளுக்கு வெளியேயும் நிலைமை நல்லதாக இல்லை. 2016 முதல் 2021 வரை குறைந்தது 9,681 சிறார் பெரியவர்களின் சிறைகளில் அடைபட்டிருந்தார்கள் என்று, தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய பதில்களைக் கொண்டு ஐப்ரோபோனோ அமைப்பு 2024இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. இவர்களெல்லாம் பின்னால் சிறார் என்று கண்டுபிடிக்கப்பட்டவர்கள். கண்டுபிடிக்கப்படாதவர்கள் எந்தக் கணக்கிலும் வர மாட்டார்கள். அவர்களில் ஏறக்குறைய ஒவ்வொருவரும் ஏதோ ஒரு ரிமாண்ட் உத்தரவோடுதான் சிறைவாசலைத் தாண்டியிருப்பார்கள்.

முதல் நாளில் விட்ட பிழை எத்தனை தூரம் போகும் என்பதற்குப் புனே வழக்கு சாட்சி. 1994இல் நடந்த ஒரு கொலை வழக்கு அது. பயங்கரவாத வழக்கு அல்ல. குற்றவாளிக் கூண்டில் பெரியவனாகவே நிறுத்தப்பட்ட ஒருவனுக்கு 1998இல் மரண தண்டனை விதித்தார்கள். மேல்முறையீடுகளும் தோற்றன. கடைசியில், ராஜஸ்தானில் அவன் படித்த பள்ளியின் பதிவேட்டைத் தேடி எடுத்தார்கள். குற்றம் நடந்த நாளில் அவனுக்கு 12 வயது 6 மாதம் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஏற்று விடுவித்தது. 28 ஆண்டுகளுக்கு மேல் உள்ளே இருந்துவிட்டான். அந்தப் பதிவேடு அத்தனை ஆண்டும் அந்தப் பள்ளியிலேயேதான் இருந்தது.

பயங்கரவாத வழக்குகளில் இந்தப் பிழை ஏன் இன்னும் சுலபமாக நடக்கிறது? எல்லாப் போலீஸ்காரர்களும் வேண்டுமென்றே வயதைக் கூட்டிப் போடுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. சிலர் போடுகிறார்கள், பலர் விசாரிக்க மெனக்கெடுவதில்லை. பையன் வடமாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவனாக இருந்தால் கையில் ஆதார் இருக்கும். அதில் பிறந்த நாள் ஜனவரி 1 என்று இருக்கும். பிறந்த ஆண்டை மட்டும் வாயால் சொல்லிப் பதிந்தவர்களுக்கு அப்படித்தான் விழும். வேலை கிடைக்க இரண்டு வயது கூட்டிச் சொன்னவர்கள் எத்தனையோ பேர். வயதுக்கு ஆதார் சான்று ஆகாது, பள்ளிச் சான்றுக்கே மதிப்பு அதிகம் என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. பள்ளிச் சான்றை எடுத்துவர யாராவது வர வேண்டுமே. பயங்கரவாத வழக்கு என்றாலே உறவினர்கள் காவல் நிலையப் பக்கம் வர நடுங்குகிறார்கள். வீடு கொடுத்தவர் காலி செய்யச் சொல்கிறார். இன்ன வழக்கில் ஆஜராக மாட்டோம் என்று வழக்கறிஞர் சங்கங்களே தீர்மானம் போட்டதுண்டு. அப்படிப் போடும் தீர்மானம் செல்லாது என்று கோவையிலிருந்து போன ஒரு வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. பையனும் தானாக வாய் திறப்பதில்லை. 19 என்று சொல் என்று வழியிலேயே சொல்லிக் கூட்டி வந்திருப்பார்கள்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் இரண்டு வாதங்களுக்கும் நேராகவே பதில் சொல்ல வேண்டும். முதலாவது, பயங்கரவாதிகள் சிறுவர்களையே ஆயுதமாக்குகிறார்களே என்பது. உண்மைதான். அதனால்தான் சிறுவர்களைச் சேர்க்கும் ஆயுதக் குழுவினருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவல் தண்டனையை இளைஞர் நீதிச் சட்டத்தின் 83ஆம் பிரிவு வைத்திருக்கிறது. சேர்த்தவன் குற்றவாளி என்று சட்டம் சொல்லும்போது, சேர்க்கப்பட்ட பிள்ளையை அவனுக்குச் சமமாக நிறுத்துவது நியாயமாகாது. 16 முதல் 18 வயதுக்குள் இருப்பவர் கொடிய குற்றம் செய்ததாகச் சொல்லப்பட்டால், அவரைப் பெரியவர் போல விசாரிக்கலாமா என்று ஆராயவும் அதே சட்டத்தின் 15ஆம் பிரிவில் வழி இருக்கிறது. சட்டம் யாரையும் தப்பவிடவில்லை. அந்த முடிவைக் குழுமம் எடுக்க வேண்டும், காவல் நிலையம் எடுக்கக் கூடாது என்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது வாதம், பெரியவர்களும் பொய்ச் சான்று காட்டிச் சிறுவனாகத் தப்பப் பார்க்கிறார்களே என்பது. அதுவும் நடக்கிறது. கதுவா சிறுமி கொலை வழக்கில் ஒருவனுடைய பள்ளி ஆவணங்கள் நம்பத்தக்கவை அல்ல என்று கண்டு, அவனைப் பெரியவனாகவே விசாரிக்க 2022இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. விசாரித்துப் பார்த்ததால் உண்மை வெளிவந்தது. அதே விசாரணையைத்தான் எல்லோருக்கும் கேட்கிறேன்.

எலும்புப் பரிசோதனை கடைசி வழி என்பதையும் மறந்துவிட வேண்டாம். இளைஞர் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவின் வரிசை தெளிவானது: முதலில் பள்ளிச் சான்று அல்லது மெட்ரிகுலேஷன் சான்று, அது இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி தந்த பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோது மட்டுமே மருத்துவப் பரிசோதனை. அந்தப் பரிசோதனையில் இரண்டு ஆண்டு முன்பின் பிசகலாம் என்று 1982இலேயே ஜெயமாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதுவும் ஜம்மு காஷ்மீர் பொதுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடிபட்ட ஒரு மாணவரைப் பற்றிய வழக்குதான்.

இப்போது என் வேண்டுகோளுக்கு வருகிறேன். உங்கள் முன் நிறுத்தப்படுபவரின் முகத்தை மூடியிருக்கும் துணியை எடுக்கச் சொல்லுங்கள். சாட்சிகள் பார்க்கக் கூடாது என்றால் கதவைச் சாத்திக்கொள்ளலாம். நீங்கள் பார்க்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பார்த்தாலே சிறுவன் என்று உங்களுக்குப் பட்டால், அந்தக் கருத்தைத் தாமதமின்றிப் பதிவு செய்து உடனே குழுமத்துக்கு அனுப்ப வேண்டும் என்கிறது 9ஆம் பிரிவு. அதற்கு அவன் மனுப் போட வேண்டியதில்லை. வழக்கறிஞர் எழுந்து கேட்க வேண்டியதும் இல்லை.

காவலர்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அவனிடம் பேசுங்கள். "போலீஸ் அடித்தார்களா?" என்று நீங்கள் வழக்கமாகக் கேட்பீர்கள். அதோடு, "எந்த ஸ்கூல்? எத்தனாவது வரைக்கும் படிச்ச? எந்த வருஷம் நிறுத்தின?" என்றும் கேளுங்கள். வயதைக் கேட்டால் சொல்லிக்கொடுத்த எண் வரும். பள்ளிக்கூடத்தைக் கேட்டால் பெரும்பாலும் உண்மை வரும். தமிழ் தெரியாதவனாக இருந்தால், அவன் மொழி தெரிந்த, போலீஸ் அல்லாத ஒருவரை வைத்துக் கேளுங்கள். சட்ட உதவி வழக்கறிஞரை அப்போதே வரவழையுங்கள்.

சந்தேகம் இருக்கிறது, ஆவணம் வர நாளாகும் என்றால், அதுவரை அவனை மத்திய சிறைக்கு அனுப்பத் தேவையில்லை. வயது விசாரணை முடியும்வரை பாதுகாப்பு இடத்தில் வைக்கலாம் என்று அதே 9ஆம் பிரிவு சொல்கிறது. நாட்டின் பாதுகாப்புக்கு இதனால் ஒரு குறையும் வராது. அவன் எங்கேயும் ஓடிப்போகப் போவதில்லை. அவன் படத்தையும் பெயரையும் பத்திரிகைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் சொல்லுங்கள். 74ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. தொலைக்காட்சியில் ஒரு நாள் ஓடிய முகத்தைப் பிறகு எந்த விடுதலைத் தீர்ப்பாலும் எடுத்துவிட முடியாது.

உங்கள் வேலைப்பளு எனக்குத் தெரியாமல் இல்லை. பகலெல்லாம் வழக்குகள், இரவில் ரிமாண்ட், விடுமுறை நாளிலும் பொறுப்பு. குண்டு வெடித்த ஊரில் மறுநாள் பையனைப் பார்த்து வயதைக் கேட்பவருக்கு வரும் ஏச்சும் எனக்குத் தெரியும். செத்தவர்களின் வீட்டில் எழும் அழுகை உங்கள் காதிலும் விழும். ஆனால் செய்யாத குற்றத்துக்கு ஒரு பிள்ளையை உள்ளே தள்ளினால் அந்த அழுகைக்கு நீதி கிடைத்துவிடாது. செய்தவன் வெளியே இருப்பான். 

அந்த இரவில் அவனுக்கும் மத்திய சிறைக்கும் நடுவே இருப்பது உங்கள் கையெழுத்து ஒன்றுதான். இனி ரிமாண்ட் உத்தரவு எழுதும்போது வயதை எழுதுங்கள். அந்த வயதுக்கு நீங்கள் பார்த்த ஆவணம் எது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். எழுத ஆவணம் இல்லையென்றால், அதைத் தேடிக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, அதுவரை அவனைச் சிறைக்கு அனுப்பாதீர்கள்.